ஆயாவின் சொம்பும் ஒரு ஜீப்ரா மீனும்

இது நான் ரொம்ப நாளா தள்ளிப்போட்ட எபிசோடு. காரணம், இதில் என் குடும்பம் வருது. போன மாசம் ஊருக்குப் போனப்போ அக்காவிடம் அனுமதி கேட்டேன். “பேர் சொல்லாம சொல்லு. ஆனா ஒழுங்கா சொல்லு”ன்னாங்க. ஒழுங்கா சொல்லப் பார்க்கிறேன்.

ஊர் திருவண்ணாமலை. எனக்கு அப்போ எட்டு வயசு. தீபாவளி, விடியக்காலை நாலரை மணி. தோட்டத்து அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர். ஆயா ஒவ்வொருத்தரையா உட்கார வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாங்க. பெரியப்பா பொண்ணு, எனக்கு அஞ்சு வயசு மூத்த அக்கா, மணையில் உட்கார்ந்திருந்தாங்க. மூணாவது சொம்போ நாலாவது சொம்போ தெரியலை, பேசிக்கிட்டிருந்த அக்கா திடீர்னு பேச்சை நிறுத்தினாங்க. கண் ஒரு பக்கமா நிலைகுத்தி நின்றது. ஒரு கை இழுக்க ஆரம்பித்தது. அப்படியே சரிந்து விழுந்துட்டாங்க.

யாரோ ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்துவந்து அக்கா கையில் திணித்தார்கள். ரெண்டு நிமிஷத்தில் வலிப்பு நின்றது. ஆனா அன்றைக்கு வீட்டில் ஆரம்பித்த ஒரு கேள்வி சில வருஷத்துக்கு நிற்கவே இல்லை. “யாரால வந்தது?”

பெரியம்மா மாசமா இருந்தப்போ கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்றார் ஒருத்தர். பெரியம்மா பிறந்த வீட்டு வழி என்றார் இன்னொருத்தர். அடுத்த தீபாவளிக்கும் அதே மணையில், அதே ஆயா கையால் தண்ணி ஊற்றும்போது அக்கா மறுபடி விழுந்தப்போ, சொந்தக்காரர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சொன்னார்: “கிழவி கைதான் சரியில்ல.” அதுக்கு அப்புறம் ஆயா எந்தப் பேரப்பிள்ளைக்கும் தலைக்குத் தண்ணி ஊற்றவே இல்லை.

இன்றைய எபிசோடு அந்தக் கேள்வியைப் பற்றியது. “யாரால வந்தது” என்று பல நூறு வருஷமா கேட்டுக்கிட்டிருந்த மனுஷங்க, “எதனால வந்தது” என்று எப்படிக் கேட்க ஆரம்பித்தார்கள்? அந்த மாற்றத்தில் நம்ம நாட்டு வயல் வாய்க்காலில் திரியும் ஒரு விரல் நீள மீனுக்கு ஏன் இவ்வளவு பெரிய பங்கு?

காலடியில் கிடப்பவன்

எங்க ஊர் அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு வந்திருப்பீங்க. அங்கேன்னு இல்லை, எந்தச் சிவன் கோயிலிலும் கருவறையின் தெற்குச் சுவரைப் பாருங்க. தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருப்பார். அவர் காலுக்குக் கீழே குள்ளமா ஒருவன் கிடப்பான். நடராஜர் காலடியிலும் அவனேதான். அவன் பெயர் முயலகன்.

சமஸ்கிருதத்தில் அவன் பெயர் அபஸ்மாரன். நினைவு அழிதல் என்பது அந்தச் சொல்லின் பொருள். ஆயுர்வேத நூல்களில் வலிப்பு நோய்க்கும் அபஸ்மாரம் என்றுதான் பெயர். தமிழிலும் இதே கதைதான். முயலகன் என்றால் அரக்கன், முயலகன் என்றால் வலிப்பு நோய். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர், திருச்சி பக்கத்தில் இப்போது திருவாசி என்று சொல்கிற திருப்பாச்சிலாச்சிராமத்துக்குப் போகிறார். கொல்லிமழவன் என்ற குறுநில மன்னனின் மகள் முயலகன் நோயால் உணர்விழந்து கோயிலில் கிடக்கிறாள். அப்பா வேறு வழி தெரியாமல் அவளை அங்கே கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார். சம்பந்தர் பதிகம் பாடுகிறார், பெண் எழுந்திருக்கிறாள். 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் இதைச் சொல்கிறது. அந்தக் கோயிலில் நடராஜர் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது.

இந்தக் கதையில் என்னைத் தொடுவது அந்த அப்பாதான். மன்னனா இருந்தும் மகளை வீட்டுக்குள் மறைத்து வைக்கவில்லை, ஊர் பார்க்கக் கொண்டுவந்து கிடத்தினார். அதே சமயம் இன்னொன்றும் கவனிங்க. நோய்க்கும் அரக்கனுக்கும் ஒரே பெயர். வலிப்பு என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கு என்று அர்த்தம். வந்திருக்குன்னா, ஒருத்தர் வரவழைத்திருக்கணும். யாரால என்ற கேள்வி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

நாம மட்டும் இல்லை. பழைய கிரேக்கர்களும் இதைப் புனித நோய் என்றார்கள். ஹிப்போகிரடீஸ் பெயரில் வழங்கும் சுமார் 2,400 வருஷப் பழைய நூல் ஒன்று, இதில் புனிதமும் இல்லை, ஒன்றும் இல்லை, இது மூளையில் வருவது, குடும்ப வழியாகவும் வரக்கூடியது என்று வாதாடியது. அப்பவும் யாரும் பெருசா கேட்கலை.

நம்ம சட்டம்கூடக் கேட்கலை. 1955இன் இந்து திருமணச் சட்டத்தில், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் செய்துகொண்ட திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி இருந்தது. வலிப்பு என்ற அந்தச் சொல்லை நாடாளுமன்றம் நீக்கியது 1999இல். அப்போ எனக்கு ரெண்டு வயசு. ரொம்பப் பழைய கதை இல்லை இது.

வெந்நீர் என்று ஒரு டாக்டர் சொன்னார்

அக்காவை மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் வெளியூரில் ஒரு நரம்பியல் டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி: “தலைக்கு வெந்நீர் ஊத்தும்போது மட்டும்தான் வருதா?” பெரியப்பா திகைத்துப் போயிட்டார். ஆமாம், அப்போது மட்டும்தான். அதை யாருமே ஒரு தகவலா நினைக்கவில்லை.

இதுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கு: வெந்நீர் வலிப்பு. உலகில் இதை முதலில் பதிவு செய்தது 1945இல், நியூசிலாந்தில். ஆனா உலகத்திலேயே அதிகமா பதிவானது எங்கே தெரியுமா? தென்னிந்தியாவில், குறிப்பா கர்நாடகத்தில். பெங்களூரு நரம்பியல் டாக்டர் கே. எஸ். மணி 1960களின் கடைசியிலிருந்து இதைப் பற்றி எழுதினார். 1988இல் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் அவர் குழுவும் 279 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மைசூர் பக்கம் எளந்தூரில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு 255 பேருக்கு இது இருந்தது.

40லிருந்து 50 டிகிரி வரை சூடான தண்ணியை வாளியில் வைத்துக்கொண்டு, தலையில் வேகமா மொண்டு மொண்டு ஊற்றுவது. இது நம்ம ஊர்க் குளியல். ஷவரில் வெதுவெதுப்பாக நிற்கும் ஊரில் இந்த நோய் ஒளிந்திருக்கும். நம்ம ஊரில் வெளியே தெரியும். டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். அதைவிட முக்கியமா, தலைக்கு ஊற்றும் தண்ணியை வெதுவெதுப்போட நிறுத்தச் சொன்னார். அக்காவுக்கு அதுக்கு அப்புறம் வந்தது ஒரே ஒரு தடவை.

அப்போ “எதனால” என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்தாச்சு. மீதிப் பாதி? அதே அண்டா, அதே தண்ணி, வரிசையா நாங்க ஏழு பிள்ளைங்க. அக்காவுக்கு மட்டும் ஏன்?

பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் அனுரஞ்சன் ஆனந்தின் ஆய்வகம் நிம்ஹான்ஸோடு சேர்ந்து இந்தக் கேள்வியைத் துரத்தியது. பல பேருக்கு வெந்நீர் வலிப்பு இருக்கும் குடும்பங்களின் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார்கள். 2009இல், 10ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியும் 4ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியும் சந்தேக வட்டத்துக்குள் வந்தன. 2017இல் எஸ்எல்சி1ஏ1 என்ற ஜீனில் அரிய மாற்றங்கள் சில குடும்பங்களில் இருப்பதாக எழுதினார்கள். நரம்பு செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற பொருளை, வேலை முடிந்ததும் துடைத்தெடுக்கும் புரதத்தை உருவாக்கும் ஜீன் அது. துடைப்பம் சரியா வேலை செய்யலைன்னா தூண்டல் தேங்கும் என்பது யோசனை.

ஆனா இங்கே ஒரு சிக்கல் இருக்கு, கோட் எழுதுறவங்களுக்கு உடனே புரியும். ஒவ்வொரு மனுஷனின் டிஎன்ஏவிலும் லட்சக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். க்ராஷ் ஆன சிஸ்டத்தில் ஒரு வித்தியாசமான வரியைப் பார்த்த உடனே அதுதான் பக் என்று சொல்லிட முடியாது. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கணும். குழந்தைகளில் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வேறு ஒரு உயிர் வேணும்.

வயல் வாய்க்காலிலிருந்து

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் போய் ஜீப்ரா மீன் கேளுங்க. மலிவான மீன்களில் ஒன்று. உடம்பு நீளத்துக்கு நீலக் கோடுகள், நாலு சென்டிமீட்டர் வளரும், சுலபத்தில் சாகாது. வெளிநாட்டு மீன்னு நினைப்போம். இது தெற்காசியாவின் ஓடைகளிலும் நெல் வயல்களிலும் திரியும் மீன்.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். அப்போ புக்கானன் என்ற பெயரோடு இருந்த அவர்தான், திப்பு வீழ்ந்த மறுவருஷம், 1800இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் எல்லாம் சுற்றிக் கம்பெனிக்கு அறிக்கை எழுதினார். அப்புறம் வங்காளத்தில் வேலை செய்தபோது சேர்த்த குறிப்புகளை வைத்து 1822இல் கங்கை மீன்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். அதில் ஒரு மீன்தான் இது. டேனியோ என்ற பெயர் அந்தப் பக்கத்து மொழியில் நெல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

பின்னாளில் இது கண்ணாடித் தொட்டியின் அலங்காரம் ஆனது. அப்புறம் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் வந்தார். ஹங்கேரியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன யூதக் குடும்பத்துப் பையன். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் வைரஸ் மரபியல் ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு ஒரு ஆசை: முதுகெலும்பும் மூளையும் உள்ள ஒரு உயிரில் இதே மாதிரி ஜீன்களை ஆராய முடியுமா? வண்ணமீன் கடையில் வாங்கிய ஜீப்ரா மீன்களோடு ஆரம்பித்தார். 1981இல் நேச்சர் இதழில், இந்த மீனில் ஒரே மரபணு அமைப்புள்ள நகல்களை உருவாக்கும் முறையை வெளியிட்டார். மூணு வருஷத்தில் இறந்துவிட்டார். ஆனா பக்கத்து ஆய்வகங்கள் மீன்களை விடவில்லை.

1996இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்திலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த பிரம்மாண்டமான ஆய்வுகளின் முடிவுகள் ஒரே இதழில் மொத்தமா வெளியாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரிபு மீன்கள்! 2013இல் மீனின் முழு ஜீனோம் வெளியானது. மனித ஜீன்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனிடம் ஒரு ஜோடியாவது இருக்கு என்று தெரிந்தது.

ஏன் இந்த மீன்? ஒரு ஜோடி ஒரு தடவையில் நூறு, இருநூறு முட்டை போடும். முட்டை தாய்க்கு வெளியே வளரும். குஞ்சு கண்ணாடி மாதிரி, உள்ளே இதயம் துடிப்பது தெரியும். அஞ்சே நாளில் நீந்தும். அதன் மூளையில் சுமார் ஒரு லட்சம் நரம்பு செல்கள். 2013இல் அந்த மூளை முழுக்க மின்னுவதை, கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லாக, மைக்ராஸ்கோப்பில் வீடியோ எடுத்தார்கள். யோசிச்சுப் பாருங்க, முயலகன் என்று பெயர் வைத்து நாம கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, இங்கே மூளைக்குள் நேராவே பார்க்கலாம்.

மீனுக்கு வலிப்பு வருமா?

வரும். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் பராபான் 2005இல் அதைக் காட்டினார். வலிப்பைத் தூண்டும் ரசாயனத்தைத் தண்ணியில் கலந்தார். குஞ்சுகள் முதலில் பரபரப்பா நீந்தின, அப்புறம் சுழல் மாதிரி வட்டமடித்தன, கடைசியில் உடம்பு வெட்டி ஒரு பக்கமா சாய்ந்தன. கூழ் மாதிரி அகாரில் குஞ்சைப் பதித்து மூளையில் மெல்லிய மின்முனை வைத்தால், திரையில் வருவது மனுஷங்களின் ஈஈஜியில் பார்க்கும் அதே வகைக் கூர்முனைகள்.

அடுத்து ஜீன். ட்ராவெ சிண்ட்ரோம் என்று ஒரு கொடுமையான குழந்தை வலிப்பு இருக்கு. பிரெஞ்சு டாக்டர் ஷார்லட் ட்ராவெ 1978இல் விவரித்தது. நல்லா இருக்கும் குழந்தைக்கு முதல் வயசுக்குள் காய்ச்சலோட வலிப்பு ஆரம்பிக்கும், அப்புறம் நிற்கவே நிற்காது. 2001இல் காரணம் தெரிந்தது: எஸ்சிஎன்1ஏ என்ற ஜீனில் பிழை. மூளையை அடக்கி வைக்கும் செல்களுக்கு முக்கியமான சோடியம் வாயில் அது. வண்டியில் ஆக்சிலரேட்டர் நல்லாத்தான் இருக்கு, பிரேக்தான் பிடிக்கலை.

இங்கேயும் “யாரால” வந்தது. தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் வந்து வலிப்பு ஆரம்பித்த குழந்தைகளின் அம்மாக்கள், ஊசி போட்டுக்கொண்டு போனது நம்ம தப்பு என்று வருஷக்கணக்கில் அழுதார்கள். 2006இல் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழு அப்படிச் சொல்லப்பட்ட 14 பேரின் ஜீனைப் பார்த்தது. 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏவில் பிழை. ட்ராவெயில் பெரும்பாலும் இந்தப் பிழை அப்பாவிடமும் இருக்காது, அம்மாவிடமும் இருக்காது, குழந்தையில் புதுசா நேர்ந்தது. கிரகணம் இல்லை, ஊசி இல்லை, பிறந்த வீட்டு வழியும் இல்லை.

கண் அசைவை ஆராய்ந்த வேறொரு ஆய்வகம் ஏற்கனவே ஒரு திரிபு மீனைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அதில் கெட்டுப்போயிருந்தது இதே ஜீனின் மீன் ஜோடி. பராபான் குழு அந்த மீனை வாங்கிப் பார்த்தால், ரசாயனம் எதுவும் இல்லாமலே வலிப்பு. ட்ராவெ குழந்தைகளுக்குக் கொஞ்சமாவது உதவும் சில மருந்துகள் மீனுக்கும் உதவின. அப்போ டெஸ்ட் சூழல் தயார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஒவ்வொரு குஞ்சாகப் போட்டு, 320 மருந்துகளை வரிசையா ஓட்டிப் பார்த்தார்கள். 2013இல் வந்த முடிவில் தேறியது கிளெமிசோல் என்ற, எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய அலர்ஜி மருந்து. இப்போ அது மனிதர்களில் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருக்கு.

இதைக் கேட்டு ரொம்பத் துள்ளிடாதீங்க. கிளெமிசோல் போன பாதையில் லோர்கசெரின் என்ற எடை குறைப்பு மாத்திரையையும் மீனில் பார்த்தார்கள், 2017இல் அஞ்சு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் சிலருக்கு வலிப்பு குறைந்தது. 2020இல் புற்றுநோய் அபாயம் காரணமா அது சந்தையிலிருந்தே போய்விட்டது. இன்னொன்று: 2021இல் இதே குழு, குழந்தை வலிப்போடு தொடர்புள்ள ஜீன்களில் ஒவ்வொன்றாக வெட்டி 40 வகை மீன்களை உருவாக்கியது. சுமார் 3,300 குஞ்சுகளைச் சோதித்ததில், தானாக வலிப்பு வந்தது 8 வகைகளில் மட்டும். மீன் மனுஷன் இல்லை. ஜீன் இருந்தால் நோய் கட்டாயம் என்றும் இல்லை.

சூடான தண்ணியில் ஒரு குஞ்சு

எங்க வீட்டுக் கதைக்குத் திரும்பி வரேன். இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது ஒரு கட்டுரையில் அப்படியே நின்னுட்டேன். 2012இல் பராபான் ஆய்வகம் ஜீப்ரா மீன் குஞ்சு இருந்த தண்ணியைச் சூடாக்கிப் பார்த்தது. காய்ச்சல் வலிப்பைப் புரிந்துகொள்ளத்தான் செய்தார்கள். தண்ணி சூடேறியது, குஞ்சின் மூளையில் வலிப்பு அலைகள் வந்தன. சூட்டை உணரும் ஒரு வாயில் புரதத்தை அடைத்தால் வலிப்பு குறைந்தது.

அவ்வளவுதான் கட்டுரை. எனக்கு மட்டும் தோட்டத்து மணை ஞாபகம் வந்தது. அந்தக் குஞ்சு யாருக்கும் பாவம் செய்யலை, அதுக்குத் தண்ணி ஊற்றிய கையில் ராசிக் குறைவும் இல்லை. சூடு, ஒரு புரதம், ஒரு மூளை. வேற யாருமே அந்தக் கதையில் இல்லை.

நம்ம அடுப்பங்கரையும் இந்த வரலாற்றில் ஒரு மூலையில் இருக்கு. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் 2012இல் மஞ்சளிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பொருட்கள் மீன் குஞ்சிலும் எலியிலும் வலிப்பைத் தணிப்பதைப் பார்த்தார்கள். உடனே மஞ்சள் பால் குடித்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதுதான் வலிப்பைத் திரும்பக் கூப்பிடும் நிச்சயமான வழி.

ஆயாவுக்குச் சொல்லாதது

நாங்க ஆபீஸில் கிட் பிளேம் என்று ஒரு கமாண்ட் அடிப்போம். இந்த வரியை யார் எழுதினது என்று காட்டும். ஜூனியரா இருந்தப்போ சிஸ்டம் விழுந்தால் முதலில் அதைத்தான் அடிப்பேன். என் சீனியர் ஒருத்தர் திட்டினார்: “ஆளைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப்போற? முதல்ல எது உடைஞ்சதுன்னு பாரு.” வலிப்பின் வரலாறும் அந்தத் திட்டுதான் என்று இப்போ தோணுது.

டாக்டர் வெந்நீர்தான் காரணம் என்று சொன்ன அன்றைக்குப் பெரியப்பா ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். தண்ணியை ஆற வைத்தார்கள். ஆனா “உங்க கையில தப்பில்ல ஆயா” என்று யாரும் உட்கார்ந்து அவங்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லலை. 2014இல் ஆயா போயிட்டாங்க. அண்டா இன்னும் வீட்டில் இருக்கு.

அக்காவுக்கு இப்போ ஒரு பொண்ணு, நாலு வயசு. அனுமதி கேட்கப் போன அன்றைக்கு அக்கா என்னிடம் ஒன்று கேட்டாங்க: “இவளுக்கும் வருமாடா?” நான் படித்ததை அப்படியே சொன்னேன். சில குடும்பங்களில் தலைமுறையா வருது, ஆனா பல பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்குமே இருப்பதில்லை. வந்தாலும் தண்ணியின் சூடு நம்ம கையில் இருக்கு, மருந்து இருக்கு, டாக்டர் இருக்காங்க. ஒன்று மட்டும் நிச்சயமா சொன்னேன்: “வந்தா, அது உன்னால இல்லக்கா.” அக்கா ஒன்றும் சொல்லலை. முழங்கையை வாளியில் விட்டுச் சூடு பார்த்துட்டு, பொண்ணு தலையில் தண்ணி ஊற்றினாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீங்க, வாயில் எதையும் திணிக்காதீங்க, கை காலை அழுத்திப் பிடிக்காதீங்க. தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைங்க, ஒருக்களித்துப் படுக்க வைங்க, கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினால் 108. நினைவு திரும்பும்வரை கூடவே இருங்க. எழுந்ததும் அவங்க முதலில் பார்க்கிறது உங்க முகமாத்தான் இருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.